சிவப்புப் பெட்டியின் மூடி

முதலில் கை ஓங்கியவன் என் தம்பி. நீதிமன்றத்திலும் இதைத்தான் சொன்னேன். அவன் விட்ட குத்தில் என் கணவரின் மூக்கு உடைந்து, மேசையில் கிடந்த மரச் சீப்பின் மேல் ரத்தம் சொட்டியது. அவர் மூக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை. சீப்பைப் பார்த்தார்.

"சீப்பைக் கெடுத்துட்டியேடா," என்றார்.

அந்தச் சீப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். வீட்டு மேசையில் வைத்துக்கொள்ளும் சின்ன லேசர் வெட்டு இயந்திரங்கள் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. பொம்மை செய்கிறவர்கள், சாவிக்கொத்து விற்கிறவர்கள், வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பொழுது போகாதவர்கள் எல்லோருக்கும் அதன் மேல் ஆசை. எதை வாங்குவதென்றுதான் தெரியவில்லை. என் கணவர் புது இயந்திரங்களை இரவல் வாங்கி எங்கள் முன்னறை மேசையில் வரிசையாக வைத்து, ஒரே படத்தை ஒரே பலகையில் எல்லாவற்றிலும் வெட்டி, ஒப்பிட்டு வீடியோ போடுவார். பேச வேண்டியதை எழுதிக் கொடுப்பவள் நான். கேமரா பிடிப்பவன் தம்பி.

அவர் வெட்டும் படம் எப்போதும் சீப்புதான். சூடு கொஞ்சம் கூடினாலும் பல் கருகிவிடும். இயந்திரம் கொஞ்சம் ஆடினாலும் பல் ஒடிந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் திரும்பிய பக்கமெல்லாம் சீப்பு. அவருக்கோ தலையில் ஒரு முடி கிடையாது.

"உலகத்துலயே அதிகமா சீப்பு வச்சிருக்கிற மொட்டைத்தலை எங்க மாமாதான்," என்பான் தம்பி.

"உனக்கு முடி இருக்கு, உள்ளே ஒண்ணும் இல்லையே மாப்ளே," என்பார் அவர்.

இப்படித்தான் இருந்தார்கள் இருவரும். என் திருமணத்தின்போது தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு மீசை வழிக்கக் கற்றுக் கொடுத்தவர் அவர்.

கேமரா வேலையில் ஒரு தந்திரம் உண்டு. பெட்டி வடிவ இயந்திரங்களில் மூடியின் கண்ணாடி கருநிறமாக இருக்கும், உள்ளே வெட்டுவது படத்தில் தெளிவாக விழாது. மூடியைத் திறந்தால் ஒளி நின்றுவிடும். மூடியின் ஓரத்தில் ஒரு காந்தமும் அதற்கு நேர் கீழே ஒரு சென்சாரும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் இயந்திரம் ஓடும். தம்பி அந்தச் சென்சார் மேல் வேறொரு பொடிக் காந்தத்தை வைத்துக் கறுப்பு டேப் ஒட்டிவிடுவான். மூடி மூடியிருப்பதாக நினைத்து இயந்திரம் ஓடும். பிறகு சுலபமாகப் பிரிக்க வேண்டுமென்று டேப்பின் நுனியைச் சின்னதாக மடித்துவிடுவான். "டேப்புக்குக் காது வைக்கிறான் பாரு," என்று அவர் கேலி செய்வார். ஆனால் அதெல்லாம் சோதனை முடிந்த பிறகுதான். சோதனை முடியும்வரை எந்த இயந்திரத்தின் மேலும் யாரும் கை வைக்கக் கூடாது, பெட்டியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

அந்த முறை மேசையில் மூன்று இருந்தன. மூடியே இல்லாத மஞ்சள் சட்டகம். உள்ளே கண்ணாடிக் குழாயும் தண்ணீர்ச் சுற்றும் வைத்த வெள்ளைப் பெட்டி. நீல ஒளியில் வெட்டும் சிவப்புப் பெட்டி.

சிவப்புப் பெட்டியை விற்கும் உரிமையைத் தம்பி எடுத்திருந்தான். அவரிடம் கேட்காமல் எடுத்தான். ஓடு விற்கும் கடையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, கடைத்தெருவில் இடம் பிடித்து, பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டான். அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம். மாமா வாயால் முதல் இடம் என்று வந்துவிட்டால் கடை பிழைத்துக்கொள்ளும், வராவிட்டால் குடும்பத்தோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். இதை அவன் என்னிடம் சமையலறையில் வைத்துச் சொன்னான். சோதனைக்கான இயந்திரத்தையும் அவனே தூக்கி வந்தான், பிரிக்காத பெட்டி என்று.

சீப்புச் சோதனையில் சிவப்புப் பெட்டி மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. மஞ்சள் பல்லைக் கருக்கியது. வெள்ளை நன்றாக வெட்டியது, ஆனால் ஆமை வேகம். சிவப்பு வெட்டிய சீப்பை அவர் விரலால் மீட்டிப் பார்த்து, "வீணை மாதிரி இருக்கும்மா," என்றார். என் மனம் குளிர்ந்தது.

கடைசியில் மூடிச் சோதனை. ஓடிக்கொண்டிருக்கும்போது மூடியைத் தூக்குவார், ஒளி அந்த நொடியே அணைய வேண்டும். வெள்ளைப் பெட்டி அணைந்தது. சிவப்பில் கறுப்பு அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டை வைத்து ஓட்டினார். நானும் அவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தோம். மூடியைத் தூக்கினார்.

நீல ஒளி நிற்கவில்லை. திறந்த பெட்டிக்குள் அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போனது.

அவர் மூடினார், மறுபடி தூக்கினார். நிற்கவில்லை. ஸ்டாண்டில் நின்ற கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "இதை வீட்டுக்குள்ள விடாதீங்க. மூடி இல்லாத மெஷினுக்காவது பயந்துபோய்க் கண்ணாடி போடுவீங்க. இதை நம்பிக் குனிஞ்சு பார்ப்பீங்க. கண்ணு போயிடும்."

தம்பி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா, அதை அழிச்சுடுங்க."

"எதை அழிக்கிறது? நிக்கலடா. நீயே பாரு."

"கம்பெனிக்குச் சொல்லிச் சரி பண்ணிக்கலாம். சீப்பை மட்டும் போடுங்க."

"சரி பண்ணின பிறகு கொண்டு வா. அப்போ போடுறேன்."

"அதுக்குள்ள என் கடையில ஈ ஓட்டுவேன். நேத்துவரைக்கும் நின்ன மெஷின் மாமா இது! உங்க கை பட்டதும் எப்படி நிக்காமப் போகும்? எதையோ பண்ணியிருக்கீங்க. நான் தலையெடுக்கிறது உங்களுக்குப் பொறுக்கல."

"நேத்து நின்னுச்சா?" அவர் திரும்பினார். "பிரிக்காத பெட்டின்னு சொன்னே?"

அதோடு அவர் விட்டிருக்கலாம். விடவில்லை.

"பிறக்கப்போற உன் பிள்ளையை இதுக்கு முன்னாடி நிறுத்து. நான் முதல் இடம் போடுறேன்."

அப்போதுதான் குத்து விழுந்தது.

சீப்பைப் பற்றிச் சொல்லிவிட்டு அவர் இரும்பு அளவுகோலை எடுத்தார். அதன் விளிம்பு தம்பியின் புருவத்தைக் கிழித்தது. தம்பி அவர் கழுத்தைப் பிடித்து மேசையோடு சாய்த்தான். மஞ்சள் சட்டகம் கீழே விழுந்து நொறுங்கியது. நான் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன், முழங்கையால் என் நெஞ்சில் இடித்தான். சுவரில் போய் மோதினேன். இவர்களில் யாருடைய முகத்தையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, எச்சில் வழிய, ஒருவரை ஒருவர் கொன்றுவிடும் வெறியோடு உருண்டார்கள். அவர் கால் பட்டுச் சிவப்புப் பெட்டிக்குக் காற்று ஊதும் குழாய் பிடுங்கிக்கொண்டது. உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டும் இடத்தில் காற்று போய்விட்டால் அக்ரிலிக் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டது.

"பிளக்கைப் பிடுங்கு!" என்று அவர் தம்பியின் பிடியிலிருந்தபடியே கத்தினார். பிடுங்கினேன். ஒளி போயிற்று, தீ போகவில்லை. பக்கத்தில் பலகைகளும் தகடுகளும் அடுக்கியிருந்தன.

தீயைப் பார்த்ததும் இருவரும் கையை விட்டார்கள். தம்பி ஓடிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த தீயணைக்கும் சிலிண்டரைக் கழற்றினான். அப்பாடா என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பலகைகளை இரு கைகளாலும் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே, "சீக்கிரம்டா மாப்ளே," என்றார்.

தம்பி சிலிண்டரைத் தலைக்கு மேல் தூக்கினான். அந்த மொட்டைத்தலையில் இறக்கினான். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டார். மறுபடியும் இறக்கினான். அந்த ஓசையை எழுத எனக்கு வார்த்தை இல்லை, தேடவும் போவதில்லை.

நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் சதை வந்தது. அவன் அலறிக்கொண்டு சிலிண்டரைப் போட்டான். அதை எடுத்து, ஊசியைப் பிடுங்கி, அந்தச் சிலிண்டராலேயே தீயை அணைத்தேன். வெள்ளைப் பொடி அறை முழுக்கப் பறந்து அவர் மேல் படிந்தது. ரத்தம் பட்ட இடமெல்லாம் அது குழைந்து சாந்து மாதிரி ஆனது. தம்பி அந்தப் பொடிக்குள் உட்கார்ந்து, "மாமா, எழுந்திருங்க மாமா, வாங்க போகலாம்," என்று அவர் காலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. என் நாத்தனார் எல்லோர் முன்னாலும் என் முடியைப் பிடித்து இழுத்து அறைந்தாள். "உன் தம்பிக்குச் சோறு போட்டவன்டி!" என்றாள். நான் தடுக்கவில்லை. அன்றே அவர் பக்கத்து ஆட்கள் கடைத்தெருவுக்குப் போய்த் தம்பியின் கடைக் கண்ணாடியை உடைத்து, பெயர்ப்பலகையைக் கோடாரியால் பிளந்தார்கள். அவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்ப் பெண் குழந்தை பெற்றாள். நான் கூண்டில் ஏறி என் தம்பிக்கு எதிராகச் சாட்சி சொன்னேன்.

தண்டனை வந்த பிறகு, போலீஸ் எடுத்துப்போயிருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிவப்புப் பெட்டி ஒரு பக்கம் கருகியிருந்தது, மற்றபடி முழுசாக இருந்தது. அவர் இல்லை, அது இருந்தது. முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுத்தியலை எடுத்தேன். முதல் அடியில் பக்கத் தகடு நெளிந்தது. உள்ளிருக்கும் லேசர்த் தலையை உடைக்க வேண்டுமென்று மூடியைத் திறந்தேன்.

சட்டத்தின் உள் மூலையில், பொடியும் கரியும் படிந்து, ஒரு துண்டு கறுப்பு டேப். அதன் நுனி மடிந்திருந்தது.

பிரித்தேன். துவரம்பருப்பளவு காந்தம் ஒன்று டேப்போடு வந்தது.

சுத்தியலைக் கீழே வைத்தேன். பிறகு இயந்திரத்தைத் துடைத்து, குழாயை மாட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பலகை வைத்து ஓட்டினேன். ஓடும்போது மூடியைத் தூக்கினேன். ஒளி அணைந்தது. எத்தனை முறை தூக்கினாலும் அணைந்தது. ஒரு முறையாவது அணையாமல் போகாதா என்று தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

அவர் சொன்ன கடைசித் தீர்ப்பு தப்பு. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் இருந்தால் விட்டிருக்க மாட்டார். அவர் எடுத்த படங்களோடு என் மூடிச் சோதனையையும் சேர்த்து, என் குரலிலேயே பேசி வீடியோவைப் போட்டேன். சிவப்புப் பெட்டிக்கு முதல் இடம்.

மறுவாரம் சிறைக்குப் போனேன். அந்தப் பெட்டி வெட்டிய புதுச் சீப்பு ஒன்று பையில் இருந்தது. வாசலில் சோதனை போட்ட காவலர் அம்மா, "பல்லு கூரா இருக்கு, உள்ளே விட முடியாது," என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

தம்பி கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். மணிக்கட்டில் என் பல் பதிந்த தழும்பு இருந்தது.

"காதோட இருந்துச்சு," என்றேன்.

"எது?"

"சென்சார் மேல. டேப்பு."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு மெல்ல, "கடைக்குப் போடறதுக்கு ஒரு வீடியோ எடுத்தேன்க்கா. முதல்ல மூடியை எல்லாம் சோதிச்சேன், நின்னுச்சு. அப்புறம் திறந்து வச்சுப் படம் எடுத்தேன். அவசரமா திரும்பப் பேக் பண்ணி..." என்றான். "டேப்பைப் பிரிச்ச பிறகு நிக்குதா?"

"நிக்குது."

"நல்ல மெஷின்னு நான் சொன்னேன்லக்கா?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் முகத்தில் பழைய சந்தோஷம் வந்தது. கடை பிடித்த அன்று சமையலறையில் பார்த்த அதே முகம்.

"முதல் இடம் போட்டுட்டேன்," என்றேன்.

அவன் நெற்றியைக் கம்பியில் இடித்தான். மறுபடி இடித்தான். புருவத்துப் பழைய தழும்பு பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. "மாமா, மாமா" என்று ஒவ்வொரு இடிக்கும் சொன்னான். இரண்டு பேர் வந்து கையைப் பின்னால் முறுக்கி இழுத்துப் போனார்கள். தரையில் அவன் செருப்பு ஒன்று கிடந்தது. நான் அழவில்லை. அவனைக் கட்டிக்கொள்ளவும் அவன் கழுத்தை நெரிக்கவும் என் கைகள் ஒரே நேரத்தில் தவித்தன. இடையில் கம்பி இருந்தது நல்லதாகப் போயிற்று.

வெளியே வரும்போது காவலர் அம்மா சீப்பைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்குமுன் கட்டை விரலால் பற்களை ஒரு முறை மீட்டினார்.

"பிசிறே இல்லையேம்மா. எங்க வாங்குனீங்க?"

"வீட்டுல வெட்டினது. சின்ன மெஷின் ஒண்ணு இருக்கு."

"என் மருமகன்கூட அதுமாதிரி வாங்கணும்னு சொல்லிட்டிருக்கான். வீட்டுல குழந்தைங்க இருக்கு, பயமா இருக்கு. நம்பி வாங்கலாமா?"

"வாங்கலாம்," என்றேன். "மூடியைத் திறந்தா நின்னுடும்."