பச்சை எரிந்தால் போதுமா

எங்கள் முதலாளி லியாவுக்கு ஆரஞ்சு விளக்கைக் கண்டாலே ஆகாது. தைவானின் தாய்ச்சுங் நகரத்தில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கும் மனுஷன். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

படங்களைச் சேமிக்கப் புதுப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றை வைத்துக் கணக்குப் போட்டு, போனதை மீட்டுவிடலாம். அதற்கு அந்தக் கணக்கின் விடையைப் பெட்டி முன்பே சரியாக எழுதி வைத்திருக்க வேண்டும். புது டிஸ்க் காலியாக இருக்கும் என்று யார் சொன்னது? ஆலையில் சோதித்தபோது எழுதிய குப்பை அப்படியே கிடக்கலாம். அதனால் பெட்டி முதலில் எல்லா டிஸ்க்கையும் முழுக்கப் படித்து விடையை எழுதும். அது முடியும்வரை முகப்பில் ஆரஞ்சு விளக்கு மினுக்கும்.

பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நேரத்தில் படையல் போட்டபோதும் அது மினுக்கிக்கொண்டிருந்தது. பழம், ஊதுபத்தி, பெட்டியின் தலையில் பச்சை உறை போட்ட சோளப்பொரிப் பொட்டலம். இயந்திரம் சொன்னபடி கேட்கப் பச்சைதான் வைக்க வேண்டும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. வேறு நிறம் வைத்தால் மக்கர் பண்ணும்.

"சாமி கும்பிடுற நேரத்துல இது என்ன கண்ணடிக்குது? பச்சையாக்கு."

"வேலை முடிஞ்சா தானா பச்சையாகும், முதலாளி. நாளைக்கு ஆயிடும்."

"நாளைக்கு நல்ல நாள் இல்ல."

நான் தீப்பெட்டி எடுக்கப் போன நேரத்தில் அவரே திரையில் தட்டி அந்த வேலையை நிறுத்திவிட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னதைப் பெட்டியும் நம்பிப் பச்சை காட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மறுபடி ஓட விடுறேன்."

"படையல் போட்டாச்சு. இனிமே தொட்டா அபசகுனம்."

"கேமரா கார்டையாவது அழிக்காதீங்க."

"அடுத்த கல்யாணத்துக்கு என்னத்துல எடுக்குறது, உன் தலைலயா?"

படங்களைப் பெட்டிக்கு மாற்றியதுமே கார்டை அழிக்க வைத்தார். அதில் இருந்தது ஜிங்ரோவின் கல்யாண விருந்து. அவள் அப்பா மேடையேறி மகளைப் பற்றிப் பேசியிருந்தார். விருந்து முடிந்த சில நாளில் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போய்விட்டது.

"அப்பா குரல் வேற எதுலயும் இல்லக்கா. சீக்கிரம் குடுங்க," என்று போனில் அழுதாள்.

அந்த வாரமே ஒரு டிஸ்க் செத்தது. புதியது மாட்டினேன். தப்பான விடையை வைத்துப் பெட்டி மும்முரமாகக் கணக்குப் போட்டது. பாதி படத்தில் குப்பையை எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்றது.

முதலாளி பொரிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். "தேதி முடிஞ்சிருச்சு பாரு, அதான் பலிக்கல! யார் வாங்கினது?"

"அதக் கீழ வைங்க. வேலைய நிறுத்தினது நீங்க."

"கத்தாத. நிலநடுக்கத்துல போச்சுன்னு சொல்லிடு."

ஜிங்ரோ அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். முதலாளி நிலநடுக்கம் என்று ஆரம்பித்தார்.

"பொய்," என்றேன். நடந்ததை அவர் முன்னாலேயே சொன்னேன். மிஞ்சியதைப் போட்டுக் காட்டினேன்.

திரையில் அப்பா எழுந்தார், கோப்பையை உயர்த்தினார், வாயைத் திறந்தார். உடனே படம் சாம்பல் கட்டங்களாகச் சிதறி, வெறும் கரகரப்பு கேட்டது. மறுபடி தெளிந்தபோது விருந்துக்கு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜிங்ரோ நாற்காலி முன் மண்டியிட்டாள். "என்னப்பா சொன்னீங்க? அன்னைக்கு அழுதுட்டே இருந்தேன், காதுல விழல."

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கழுத்து நரம்பு புடைக்க முயன்றார். காற்றுதான் வந்தது.

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

"தரையப் பாக்காதீங்க," என்றேன். "அவரப் பாருங்க."