போக மறுத்த ஃபோல்டர்கள்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை மறைக்கப் போவதில்லை: வயிற்றெரிச்சலில். என் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு டைப்பிங் கடை. நான் ஜன்னலைத் திறப்பது காற்றுக்காக. காற்றோடு பேச்சும் சேர்ந்து வந்தால் நான் என்ன செய்ய?

கடையில் அடிப்பவளைத் தெருவே டைப்பக்கா என்று கூப்பிடும், அவளைவிட மூத்த நான் உட்பட. நான் கையால் எழுதுவதை அவள்தான் அடித்துத் தருவாள். இந்தக் கதையையும்தான். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் கேட்காமல் செருகியது. புரூஃபில் பார்த்தேன், எடுக்கவில்லை.

[எடுக்கச் சொன்னா எடுத்திருப்பேம்மா.]

2

தொடக்கத்துக்குப் பட்ட பாடு.

"கணினியில் இடம் தீர்ந்துபோன அந்தக் காலையில், வானம்..." வானத்துக்கு இங்கே என்ன வேலை?

"அக்கா தம்பி பாசத்துக்கு இலக்கணமாக..." எழுதும்போதே பேனா சிரித்துவிட்டது.

சரி, உள்ளதையே சொல்கிறேன். கடை அக்காவுடையது. தம்பி, வேறு வேலை கிடைக்கும்வரை கூடமாட இருக்கிறேன் என்று வந்தான். இப்போது பலகையில் அவன் பெயர். சுழல் நாற்காலி அவனுக்கு, பிளாஸ்டிக் ஸ்டூல் அவளுக்கு. 'முதலாளி' என்று அவனுக்குப் பட்டம் வைத்தது நான்தான். மரமண்டை, அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டான்.

அக்காவிடமும் ஒரு கெட்ட பழக்கம். வந்தவர்கள் அவசரப்படுத்தினால் புது ஃபோல்டருக்குப் பெயர் யோசிக்க மாட்டாள். விரல் போன இடத்தில் நாலு தட்டு, அதுதான் பெயர். எது யாருடையது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

[அவசரப்படுத்துறது முக்கால்வாசி நீங்கதான்.]

3

கணினி இடமில்லை என்றது. முதலாளி போனில் ஒரு வீடியோ பார்த்தான். எதையாவது இன்ஸ்டால் செய்யும்போது அது தற்காலிகமாகச் சில ஃபோல்டர்களைப் போட்டுக்கொள்ளுமாம். வேலை முடிந்தும் சிலது கிளம்பாமல் தங்கிவிடுமாம். தாறுமாறான பெயரை வைத்தே அவற்றைக் கண்டுபிடிக்கலாமாம்.

தாறுமாறான பெயர் என்றால் அந்தக் கணினியில் பஞ்சமா? கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தான், குப்பைத் தொட்டியில்கூடத் தங்காதபடி.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உண்மையான மிச்சங்கள் ஒன்றுகூடப் போகவில்லை. 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று சொல்லிவிட்டுக் கல்லாக உட்கார்ந்துகொண்டன. சொன்ன பேச்சு கேட்டுப் போனவை எல்லாம் அக்கா அடித்தவை: வக்கீலின் மனு, நர்ஸின் பயிற்சி அறிக்கை, என் சிறுகதை.*

"யாரு சார் இப்படிப் பேர் வைப்பாங்க? கீபோர்டுல பூனை நடந்த மாதிரி!" என்றான் முதலாளி, மனுவை வாங்க வந்த வக்கீலிடம்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி திறந்து பார்க்கிறதில்லையாப்பா?"

"அதெல்லாம் அக்காவைக் கேளுங்க."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா," என்றாள் அக்கா. "பிரிண்டர் பக்கத்துலதானே நின்னேன்."

"உன்னைக் கேட்டுக்கேட்டுத்தான் கடை நடத்தணுமா? உனக்கு முடியல, ஒத்துக்கோ. திங்கட்கிழமையிலேர்ந்து வீட்ல ரெஸ்ட் எடு. வேற ஆள் பேசி முடிச்சுட்டேன்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மனுவை முதல் வரியிலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.

* அது எவ்வளவு பிரமாதமான கதை என்று இனி நான் சொல்வதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

4

என் பாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம். கோபம் எனக்கு வருகிறது. வர வேண்டியவளுக்கு வரவில்லையே! கதையை எப்படி நகர்த்துவது? ஜன்னல் வழியாகவே கத்திவிட்டேன்.

"ஏண்டி, அது யார் கடை? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"விடுங்கம்மா. தெரியாமப் பண்ணிட்டான்."

தெரியாமல்! காலையில் அழிக்கிறான், மத்தியானம் புது ஆள் தயார். தெரியாமல் செய்தவனுக்கு ஆள் பேசி முடிக்க நேரம் எப்போது கிடைத்தது?

[இத நான் யோசிக்கல.]

[ரெண்டு தடவ படிச்சேன். ஆமா.]

5

முடிவு ஒன்று: அக்கா தம்பியை மன்னித்து, திங்கட்கிழமை காலை வீட்டில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு...

[இது உங்க காகிதத்துல இன்னும் அரைப் பக்கம் போகுது. மிச்சத்த நான் அடிக்கல.]

முடிவு இரண்டு: தம்பி கண்ணீரோடு காலில் விழுந்து...

[சிரிப்பு வந்துருச்சு. இதுவும் இல்ல.]

முடிவு மூன்று: எனக்குத் தெரியவில்லை. அவளுக்குக் கோபம் வரவழைக்க என் பேனாவுக்குத் துப்பில்லை. வாசகரே, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

[இடம் விடாதீங்கம்மா. இன்னிக்கு ஞாயிறு, கடையில நான் மட்டும்தான். சுழல் நாற்காலியில உட்கார்ந்து இத அடிக்கிறேன். கம்ப்யூட்டர் என் பேர்ல இருக்கு, அனுமதி கொடுக்க வேண்டியவளே நான்தான். அவனுக்குப் போக மாட்டேன்னு அடம் பிடிச்ச ஃபோல்டரையெல்லாம் ஒண்ணொண்ணா திறந்து பார்த்து, எடுத்துட்டேன். பாஸ்வேர்டும் மாத்தியாச்சு. தற்காலிகமா வந்து தங்கிட்டதுல ஒண்ணே ஒண்ணு பாக்கி. அது நாளைக்குக் காலையில கடை திறக்க வரும்.]