வீட்டம்மா முன்னால் உட்காரக்கூடாது

திங்கட்கிழமை ஜார்ஜை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாக முடிவாகியிருந்தது. கட்டிய மனைவியையே "நீங்க யாரு?" என்று கேட்பவரை இனியும் ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்பது மகன் லியோனலின் கட்சி. ஜோசபின் விடவில்லை. ஒரே ஒரு தடவை தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் போதும், இல்லமாவது ஒன்றாவது என்று சொல்லிவிட்டாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று லியோனலும் ஒத்துக்கொண்டான்.

அந்த நப்பாசையில்தான் சனிக்கிழமை மாதா கோயிலில் நொவேனா ஜெபம் முடிந்த கையோடு மூவரும் பழைய ராணுவ முகாம் இருந்த கோட்டைக் குன்றுக்கு வந்தார்கள். கல்யாணம் பேசி முடித்த காலத்தில் ஜார்ஜ் அங்கே ஆபீசர் குவார்ட்டர்ஸில் பரிமாறுகிற வேலை பார்த்தார். இப்போது அது பணக்கார ரெஸ்டாரண்ட். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வராந்தாவில் கால் வைத்ததுமே ஜார்ஜின் முதுகு நிமிர்ந்தது. மாதாவே, பழைய ஆளா திரும்பி வந்துட்டாரு! ஜோசபின் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்ததும் இடது பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

"நீங்களும் உட்காருங்க."

"ஆபீசர் வீட்டம்மா முன்னாடி நாங்க உட்காரக்கூடாது மேடம். டீயா, கோப்பியா?"

"நான் ஜோசபின்ங்க. உங்க ஜோசபின்," என்று அவர் கையைப் பிடித்தாள். அவர் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டார். எத்தனை வீட்டம்மாக்களின் உளறலைக் கேட்டுப் பழகிய முகமோ, கொஞ்சமும் மாறவில்லை. சிப்பந்திப் பெண் கொண்டுவந்த டீயையும் அவரே வாங்கி, சிந்தாமல் வைத்தார். அந்தப் பாழும் டீயை அவள் தள்ளி வைத்தாள்.

லியோனல் காரை வாசலுக்குக் கொண்டுவந்தான். "மழை வருது லா, கெளம்பலாம்மா."

"ஏறுங்க, வீட்டுக்குப் போவோம்," என்று ஜோசபின் கதவைத் திறந்தாள்.

ஜார்ஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மன்னிச்சிருங்க மேடம். எனக்குப் பேசி வச்சிருக்கிற பொண்ணு கீழ நிக்கிறா. உங்ககூட கார்ல வந்து எறங்கினா என் ஜோசபின் மனசு ஒடஞ்சிரும்."

லியோனலுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, பேரைச் சொல்லிட்டாரும்மா," என்றான்.

ஜோசபின் மகன் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னையக் கூப்பிடலடா. திங்கக்கிழமைக்கு நீ லீவு போட்டுடு."