புள்ளி இல்லாத வாக்கியம்

அச்சகத்தில் அவளை எல்லோரும் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். பாடநூல்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. எங்காவது ஒரு வாக்கியத்தின் முடிவில் புள்ளி விடுபட்டிருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. நாற்பத்தாறாம் வயதில் நிஜமாகவே சாப்பாடு இறங்காமல் போனது. இரைப்பையில் கட்டி. கல்லீரலுக்கும் பரவியிருந்தது. இரண்டு வகை மருந்துகளை மாதக்கணக்கில் ஏற்றிப் பார்த்தார்கள். கட்டி மசியவில்லை.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா அந்தச் சோதனைச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார்.

"உங்க ரத்தத்துலேர்ந்து டி செல்களை மட்டும் பிரிச்சு எடுப்போம். நோயை எதிர்க்கிறதுதான் அதுங்க வேலை. ஆனா இந்தக் கட்டியை அதுங்களுக்கு அடையாளம் தெரியல. லேப்ல அதுங்களை மாத்தி, அடையாளம் தெரியற மாதிரி செஞ்சு, பெருக்கி, திரும்ப உங்களுக்கே ஏத்துவோம்."

"பலிக்குமா?"

"சில ரத்தப் புற்றுநோய்ல நல்லாவே பலிக்குது. கட்டின்னா கஷ்டம். உள்ள நுழையறதே பெரும்பாடு. நுழைஞ்சாலும் கட்டி அதுங்களைக் களைச்சுப் போக வெச்சுடும். அதனாலதான் இன்னும் சோதனைன்னு சொல்றோம்."

கையெழுத்துப் போடுவதற்கு முன் பதினெட்டுப் பக்க ஒப்புதல் படிவத்தை முழுக்கப் படித்து, ஐந்து பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள். டாக்டரம்மா சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

கூடவே ஓர் ஆள் தங்க வேண்டும் என்றார்கள். கணவர் கப்பலில் சமையல்காரர். ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அவர் இவளைக் கேட்காமலேயே தன் அக்காவுக்குப் போன் செய்துவிட்டார்.

நாத்தனாரும் இவளும் பேசி ஏழு வருடம் ஆகியிருந்தது. அந்த அம்மாள் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஒருமுறை இவள் பயணம் செய்த பெட்டிக்கே அவர் வந்தார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். தேதி முந்தின நாளுடையது. ஊரார் தேதிகளையெல்லாம் சரிபார்ப்பவள் தன் டிக்கெட்டில் கோட்டை விட்டிருந்தாள். "அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிக்கோ," என்றார் நாத்தனார், யாரோ எவரோ போல. பெட்டியே வேடிக்கை பார்த்தது. ஆளில்லாத நடைமேடையில் மழையில் நின்றவள், அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

இப்போது அதே அம்மாள் ஒரு பையும் ஒரு செம்பும் எடுத்துக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கே?" என்றார்.

"இருக்கேன் அண்ணி," என்றாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

ஒரு கையிலிருந்து ரத்தம் வெளியே போய், இயந்திரத்துக்குள் சுற்றி, மறு கை வழியாகத் திரும்பியது. நாலு மணி நேரம். இயந்திரத்தின் முனகலில் இருவருமே கண்ணயர்ந்தார்கள். பிரித்தெடுத்த செல்கள் எங்கோ ஒரு லேப்புக்குப் போயின. அவை அங்கே பெருகிக்கொண்டிருந்த நாலு வாரமும் அவளுக்குப் பாதித் தூக்கமாகவே கழிந்தது. தன்னில் ஒரு பங்கு வேறு ஊருக்குப் போய்த் தங்கியிருப்பது போலவும், அங்கே வெயிலடிப்பது போலவும் அவளுக்குத் தோன்றும்.

திரும்பி வந்தது உள்ளங்கை அகலப் பை ஒன்று. உள்ளே கலங்கல் நீர். பத்து நிமிடத்தில் ஏறி முடிந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார் நாத்தனார்.

நர்ஸ் சிரித்தாள். "இனிமேதாம்மா ஆர்ப்பாட்டம். காய்ச்சல் வரும். சில பேருக்கு நினைவு குழம்பும். அதனால தினம் காலையில ஒரு சின்னப் பரீட்சை வைப்போம்."

மூன்று பொருள்களின் பெயரைச் சொல்ல வேண்டும். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ண வேண்டும். ஒரு நோட்டில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும்.

முதல் நாள் எழுதினாள்: 'ஜன்னலில் வெயில் வந்து உட்கார்ந்திருக்கிறது.' புள்ளியை அழுத்தி வைத்தாள். இரண்டாம் நாள்: 'அண்ணியின் குறட்டை சுருதி சுத்தமாக இருக்கிறது.' நாத்தனார் அதைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் காலை எண்களைச் சரியாகச் சொன்னாள். கடிகாரம், பேனா, தலையணை எல்லாம் சரி. 'மேகங்கள் மெதுவாகப் போகின்றன' என்று எழுதினாள். நர்ஸ் சரியென்று குறித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் நாத்தனார். நோட்டை வாங்கிப் பார்த்தார். "இது சரியில்லை."

"எல்லாம் சரியாத்தானே இருக்கும்மா?"

"புள்ளி வைக்கலை. இவ புள்ளி வைக்காம எழுத மாட்டா. உயிர் போனாலும் வெச்சுட்டுத்தான் போவா. டாக்டரைக் கூப்பிடு."

அந்தக் குரலில் ரயிலையே நிறுத்துகிற அதிகாரம் இருந்தது. நர்ஸ் ஓடினாள். டாக்டரம்மா வந்து சேர்வதற்குள் அவளுக்குக் கடிகாரத்தின் பெயர் மறந்திருந்தது. மருந்து உடனே ஏறியது. "நல்ல நேரத்துல கவனிச்சீங்க," என்றார் டாக்டரம்மா.

அவள் அப்போது வேறெங்கோ இருந்தாள். வெள்ளை வெளிச்சத்தில் ஒரு ரயில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே எழுத்துகள் இலைகள் போல மிதந்தன. ஒன்றுகூட ஒரு சொல்லாகச் சேரவில்லை. பிடிக்கலாமென்றால் கை எழவில்லை. பெட்டியில் வேறு யாருமில்லை. நடுவழியில் நாத்தனார் வந்தார். டிக்கெட்டைக் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்தார். ஸ்டேஷன்கள் வந்தன. ஒன்றின் பெயர் தொண்ணூறு. அடுத்தது எண்பது. எழுபதில் மழை பெய்துகொண்டிருந்தது. இறங்கட்டுமா என்று பார்வையால் கேட்டாள். வேண்டாம் என்று நாத்தனார் தலையசைத்தார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானத்தில் கண் திறந்தபோது நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "முப்பது... இருபது..."

"பத்து," என்றாள் அவள்.

நாத்தனாரின் உதடுகள் அப்படியே நின்றன. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊரையே கூட்டிட்டு இப்போ நிதானமா எழுந்திருக்கியா?" என்றார்.

காய்ச்சல் முழுதாக இறங்கிய அன்று அவள் கேட்டேவிட்டாள். "அன்னிக்கு என்னை ஏன் அண்ணி இறக்கி விட்டீங்க?"

"தேதி தப்பா இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இப்பவும் இறக்கித்தான் விடுவேன்." செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றி நீட்டினார். "ஆனா குடையைக் குடுத்திருக்கணும். கையில வெச்சிருந்தேன். எத்தனை தடவை அதை நினைச்சிருப்பேன் தெரியுமா?"

மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனை டாக்டரம்மா திரையில் காட்டினார். இரைப்பைக் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. கல்லீரலில் இருந்த மூன்று கட்டிகளில் இரண்டைக் காணவில்லை. மூன்றாவது அப்படியே இருந்தது.

"குணமாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். எத்தனை நாள் இப்படியே இருக்கும்னும் தெரியாது. ஆனா செல்கள் உள்ள நுழைஞ்சிருக்கு, வேலை செஞ்சிருக்கு. பார்த்துக்கிட்டே இருப்போம்."

வெளியே பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். சாலை வெயிலில் மினுங்கியது. அவள் என்னவோ சொல்ல ஆரம்பித்து, நாத்தனாரின் தோளில் சாய்ந்து, பாதியிலேயே தூங்கிப்போனாள். அவர்கள் போக வேண்டிய பஸ் வந்தது. நாத்தனார் கையசைத்து அனுப்பிவிட்டார். அடுத்ததும் வந்தது, அதையும் அனுப்பினார்.

பையில் போன் அதிர்ந்தது. கப்பலிலிருந்து தம்பி.

"என்னக்கா சொன்னாங்க?"

"பாதி போயிடுச்சாம்," என்றார் தோளை அசைக்காமல். "அவ தூங்குறா. மீதியை அப்புறம் பேசிக்கலாம், வை."