தழும்பு இல்லாத வயிறு

டாக்டர் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் சுருண்டு கிடந்த அண்ணிக்கு வலியைவிட அந்தத் திரைதான் பயமாக இருந்தது.

"குடல்வால் எடுத்தாச்சுன்னு போட்டிருக்கே. ரெண்டு வருஷம் முன்னாடி, இங்கேயேதான்" என்றார்.

அண்ணி தலையாட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்? மீன் பதப்படுத்தும் ஆலை கொடுத்த மருத்துவ அட்டை அவளிடம் உண்டு. கூடவே வேலை செய்யும் நாத்தனார் குருவியிடம் எந்தக் காகிதமும் கிடையாது. எல்லை தாண்டி வந்தவள். பிடிபட்டால் வந்த வழியே அனுப்பிவிடுவார்கள். அங்கே அவளுக்காகக் காத்திருப்பவர்கள் விருந்து வைக்கப் போவதில்லை. புருஷன், அதாவது குருவியின் அண்ணன், எல்லை தாண்டும் வழியிலேயே செத்துப்போன பிறகு அண்ணிக்கென்று இருப்பதும் அவள் ஒருத்திதான். அதனால் அன்று குருவிக்குக் குடல்வால் வீங்கியபோது, தன் அட்டையை அவள் கையில் திணித்தாள். குருவி பிழைத்தாள். ஆபரேஷன் மட்டும் அண்ணி பேரில் பதிவாகிவிட்டது. இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

இன்று அதே வலது பக்கம், அதே வலி, அண்ணிக்கு.

"அப்ப இது குடல்வால் இல்ல. வாயுவா இருக்கும், ஊசி போட்டு அனுப்பிடலாம். எதுக்கும் வயித்தக் காட்டுங்க, தழும்பைப் பாத்துக்கறேன்."

அண்ணி சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. காட்டினால் குட்டு உடையும். காட்டாவிட்டால் உள்ளே வெடிக்கும். அன்று இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் குருவி இல்லை என்று சொன்னார்களே, அது அவளுக்கு மறக்கவில்லை.

"வேண்டாம் டாக்டர். இப்ப பரவால்ல" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

கால்மாட்டில் நின்ற குருவிக்கு முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறக்காதே என்று அண்ணி கண்ணாலேயே அதட்டினாள். குருவி என்றைக்கு அண்ணி பேச்சைக் கேட்டிருக்கிறாள்?

"அந்தத் தழும்பு அவங்ககிட்ட இருக்காது டாக்டர்." குருவி தன் சட்டையை உயர்த்தினாள். இடுப்பெலும்புக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு கோடு. "இங்க இருக்கு. அட்டை மட்டும்தான் அண்ணியோடது."

டாக்டர் தழும்பைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு அண்ணியின் வயிற்றை அழுத்தினார். அவள் அலறிவிட்டாள். அவர் போனை எடுத்ததும் குருவி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தியேட்டர் ரெடி பண்ணுங்க. உடனே."

தள்ளுவண்டி வந்தது. நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள். சொந்தக்காரர் பெயர், உறவு, குடியிருப்பு அனுமதி எண். குருவி தன் சொந்தப் பெயரை எழுதினாள். நாத்தனார் என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை. நர்ஸ் அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள், வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்தாள், படிவத்தை வாங்கி மடித்துக்கொண்டாள்.

"போயிடுடி" என்று அண்ணி முனகினாள். "யாராவது கேக்கறதுக்குள்ள ஓடிடு. நான் பாத்துக்கறேன்."

"நீங்களா? எழுந்து உக்காரவே முடியல உங்களால." குருவி வண்டியோடு நடந்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. "கண்ணு முழிச்சதும் என்னைத்தான் தேடுவீங்க. நான் இங்கயே இருக்கேன்."

கதவு மூடும்வரை அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். காவலாளி குருவியை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான். குருவி சட்டையைச் சரிசெய்துகொண்டு, தியேட்டர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.