தங்கத்துரை செதுக்கிய புல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, குசினிக்குள் திருடியது. என் மனைவி குணேஸ்வரி மீன் வெட்டிக்கொண்டே தன் தகப்பனின் புல்லைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். எழுதப் போகிறேன் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயோ, எழுதிப் போடாதீங்கோ. தங்கத்துரை மாமா புத்தகம் எல்லாம் வாசிக்கிறவர்."

அப்படிச் சொன்ன பிறகு எழுதாமல் இருக்க எனக்கு ஏலுமா?

முதல் வசனத்தோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். 'ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு நீங்கியபோது...' சரித்திரப் புத்தகம். வெட்டு. 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல...' சீ! இப்படி எழுதுகிறவனை முழங்காலில் நிறுத்த வேண்டும்.

சரி, நேரே சொல்கிறேன். என் மாமனார் சோமசேகரம் தன் வீட்டு முற்றத்தில் புல் வளர்த்தார்.

2

இதில் என்ன கதை என்று கேட்பவர் எங்கள் பக்கத்து ஆள் அல்ல. நாங்கள் விடிந்தால் முற்றம் கூட்டுகிற சனம். மணலில் விளக்குமாற்றுக் கோடு தெரிய வேண்டும். வாசலில் புல் நின்றால் அந்த வீட்டில் ஆளில்லை, அல்லது இருக்கிற ஆளுக்கு நாதியில்லை என்று அர்த்தம்.

சோமசேகரம் கடற்படைப் பண்டகசாலையில் கிளாக்கர். துரைமார் பங்களாக்களின் புல்லைப் பதினைந்து வருடம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார், ஒருநாளும் மிதித்ததில்லை. அவர்கள் போனதும் ஒரு சாக்கு நிறையப் புல்லைக் கொடியோடு பிடுங்கிக்கொண்டு உவர்மலை வீட்டுக்கு வந்தார்.

கல் பொறுக்கினார். தம்பலகாமத்துக் குளத்து வண்டலை வண்டியில் இறக்கி மணலோடு கலந்தார். பலகை பிடித்து மட்டம் பார்த்து, கொடிகளைத் துண்டு துண்டாக ஒரு சாணுக்கு ஒன்று நட்டார். காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர். களையைக் கத்தி முனையால் வேரோடு கிண்டினார். புல்லை முழங்காலில் நின்று தையற்காரக் கத்தரிக்கோலால் வெட்டினார்.*

"பாம்பு வந்து படுக்கப் போகுது. ஊரே சிரிக்குது" என்றார் மனைவி கமலேஸ்வரி.

"உமக்கு விளங்காது. பொறும்."

மூன்றாம் வருடம் விரலால் துளாவினாலும் மண் தட்டுப்படாத அடர்த்தி. வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடப்பார். அந்த நேரத்தில் அவரோடு யாரும் கதைக்கக்கூடாது.

(*மூன்று விரல் உயரம் விட வேண்டும். ஒட்ட வெட்டினால் வெயிலில் வேர் கருகிவிடும். இதை எனக்கு அவர் நாற்பது தரம் சொல்லியிருக்கிறார்.)

3

இனி மாமனாரைப் பற்றி ஒரு கெட்ட விஷயம் சொல்ல வேண்டும். (ஆள் பக்கத்து அறையில் றேடியோ கேட்கிறார். மெதுவாக எழுதுகிறேன்.)

இது இல்லாமல் ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். அதில் அவர் புல் வளர்த்த மகானாக இருந்தார். கதை நிற்கவில்லை, சரிந்து விழுந்தது.

கமலேஸ்வரியின் தம்பி தங்கத்துரை, லாஞ்ச் படகில் கடல் தாண்டிப் போகிற கட்டைபறிச்சானில் வயல் செய்கிறவர். ஐம்பத்துநாலில் ஒரு கலியாண வீட்டுக்கு வயலிலிருந்து நேரே வந்து கதிரையில் உட்காரப் போனார். "சேத்துக் காலோட கதிரையில ஏறாதையும்" என்றார் சோமசேகரம், அத்தனை பேருக்கும் முன்னால். மச்சான் சாப்பிடாமல் எழும்பிப் போனார். பிறகு ஆறு வருடம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் கமலேஸ்வரி அடுப்படியில் அழுதார்.

அறுபதில் குணேஸ்வரியைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு வந்தது. (மாப்பிள்ளை நான்தான். சம்பளம் குறைவு, மீசை அதிகம்.) கமலேஸ்வரி தம்பிக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை.

"தாய்மாமன் இல்லாத சபையில நான் வந்து நிக்க மாட்டன். பெண்பார்வையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்று கமலேஸ்வரி சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான்.

4

பெண் பார்க்கக் குறித்திருந்த நாளுக்கு முதல்நாள் காலை தாய், தகப்பன், மகள் மூன்று பேரும் கோயிலுக்குப் போனார்கள். மத்தியானம் திரும்பி வந்தால் முற்றம் வெறும் மண். விளக்குமாற்றுக் கோடு அழகாக ஓடியது. வேலியோரம் புல் குவிந்து வெயிலில் வாடிக் கிடந்தது. நடுவில் மண்வெட்டியோடு தங்கத்துரை, சாரத்தை மடித்துக் கட்டி, வேர்த்து வழிந்தபடி.

"முதல் லாஞ்சில வந்தனான், அத்தான். கதவு பூட்டிக் கிடந்தது, வாசல் முழுக்கப் புல்லு மண்டிக் கிடந்தது. நாளைக்கு மாப்பிளைப் பகுதி வரயிக்க அக்கா வீடு இப்பிடிக் கிடக்கலாமோ? செதுக்கிப் போட்டன்."

கமலேஸ்வரி ஓடிப்போய்த் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகுதான் புருஷனின் முகத்தைப் பார்த்தார். அழுகை பாதியில் நின்றது.

பிரதி ஒன்று: சோமசேகரம் "மடையா!" என்று கத்துகிறார். தங்கத்துரை அடுத்த லாஞ்சில் போய்விடுகிறார். நான் இன்றைக்கும் பிரமச்சாரி.

பிரதி இரண்டு: சோமசேகரம் புல்லைக் கட்டிப்பிடித்து அழுகிற... (இதைக் குணேஸ்வரி வெட்டினாள். "அப்பா அழயில்லை.")

அவள் கண்ணால் கண்டது இவ்வளவுதான். அப்பா குவியலைப் பார்த்தார். தங்கத்துரையின் மண் அப்பிய காலைப் பார்த்தார்.

"உள்ளுக்கு வாரும் மச்சான். அப்பிடியே வந்து கதிரையில இரும்."

மறுநாள் நான் போனேன். வருங்கால மாமனாரிடம் என் முதல் வார்த்தை, "வாசல் நல்ல துப்புரவு." அவருக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. எனக்கு வந்த கெட்ட காலம்!

அது நட்டு வளர்த்த புல் என்று அன்றிலிருந்து இருபது வருடம் ஒருவரும் தங்கத்துரையிடம் வாய் திறக்கவில்லை. ஓரத்தில் ஒரு புல் தலை நீட்டினாலும், மச்சான் வருமுன் சோமசேகரமே குனிந்து பிடுங்கிவிடுவார். கதையை இங்கே முடித்திருந்தேன்.

5

இன்று தங்கத்துரை வந்தார். நான் தேத்தண்ணி எடுக்கப் போன நேரத்தில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையிலிருந்த கடதாசிகளை முழுக்க வாசித்துவிட்டார்.

"தம்பி," என்றார், "பாதி செதுக்கினாப் பிறகுதான் விளங்கினது. ஒரு கோரை இல்லை, ஒரு நெருஞ்சி இல்லை. நான் வயல்காரன். நட்டதுக்கும் முளைச்சதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதோ?"

"பிறகேன் மிச்சத்தையும்..."

"பாதியில விட்டா, நட்ட புல்லெண்டு எனக்குத் தெரிஞ்சு போச்சு எண்டு அத்தானுக்கு விளங்கியிருக்கும். விட்டிட்டு ஓடுவம் எண்டுதான் நினைச்சன். ஆனா ஓடினா அக்கா என்ன செய்வா? முழுக்கச் செதுக்கிப்போட்டு ஏச்சு வாங்குவம் எண்டு நிண்டன். மனிசன் கதிரையில இரும் எண்டார். அதுக்குப் பிறகு என்னெண்டு சொல்றது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அத்தானுக்குச் சொல்லிப் போடாதையும். பாவம், எனக்காக இருவது வரியமாக் குனிஞ்சு புல்லுப் பிடுங்குறார்."

இப்போது பக்கத்து அறையில் றேடியோ நிற்கிறது. "ஆர், தங்கத்துரையே? உதென்ன கடதாசி, நானும் பாப்பம்" என்று சோமசேகரம் வந்து கதவடியில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். தங்கத்துரை என்னைப் பார்க்கிறார். கடதாசியை நான் கொடுக்கவா, மடித்து ஒளிக்கவா? கெதியாய்ச் சொல்லுங்கோ.