கூடலூர் என்று எழுதினேன்

1

ரங்கூன் ஐயாமார்களுக்கு, இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுப்படியில். ஆனைக்கரைப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு தள்ளுகிறவன் நான். எங்கள் கணக்குப்பிள்ளை செல்லத்துரை உங்கள் பத்திரிகையைத் தபாலில் வரவழைப்பவர். ஒருநாள் அதை விரித்துப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஏ மத்தியாசு, உனக்குத்தாண்டே இது. கதைப் போட்டி. இந்தியா, சிலோன், பர்மா, மலேயா, எங்கயிருந்தும் எழுதலாமாம். ஒண்ணே ஒண்ணு, இதுவரைக்கும் அச்சுல பேரு வந்திருக்கக் கூடாது."

"எம்பேரு பிரட்டுல கூப்பிடுறதோட சரிங்கய்யா."

"அப்ப நீதான் ஆளு" என்று சிரித்தார்.

(பிரட்டு என்பது காலையில் எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ரங்கூனில் வேறு பேர் இருக்கலாம்.)

நாற்பது வயதுக்கு மேல், கோயில் உபதேசியார் ஜெபப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து என்னுடையது. வேலை விட்டு வந்தால் கை நடுங்கும், எழுத்தும் கூடவே நடுங்கும். பொறுத்துக்கொள்ளவும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வானளாவிய மலைச் சிகரங்களின் நடுவே, இயற்கை அன்னையின் மடியிலே...

(அடித்துவிட்டேன். அப்படி ஒரு அன்னையை நான் இங்கே கண்டதில்லை. காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டையைத்தான் கண்டிருக்கிறேன்.)

பிறகு இப்படி:

ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் பிள்ளை...

இதை அடிக்கவில்லை. அந்த வாரம்தான் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில் அடுத்த அறைப் பூமாரியும் அவள் புருஷன் சோலையும் தோட்டத்தை விட்டு ஓடிப்போனார்கள். அவளுடைய முதல் பிள்ளை இங்கே குளிரில் செத்தது. இரண்டாவது வயிற்றில், மாசம் ஏறிவிட்டது. கீழே போய்ப் பெற்றுக்கொண்டு வருகிறேன் என்று கங்காணி நல்லதம்பியிடம் கெஞ்சினாள். ஒப்பந்தம் முடியட்டும் என்றார். ஒப்பந்தம் முடியாமல் இறங்கினவர்களைப் பிடித்து வந்து ஜெயிலில் போடலாம் என்பது சட்டம். வயிற்றுப் பிள்ளையை ஜெயிலுக்கு வெளியே வைத்துவிட்டு வா என்று சட்டம் சொல்லாது.

3

தோட்டத்தில் ஆளுக்கொரு கம்பளி கொடுப்பார்கள். லீவில் போகிறவர்கள் அதைப் போர்த்திக்கொண்டு போவார்கள். ஓடிப்போகிறவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள், திருட்டுக் கேசும் சேர்ந்துகொள்ளுமே. அவள் போனதை நான் பார்க்கவில்லை. யோசித்துத்தான் எழுதினேன்: "கம்பளியை மடித்து, ஈரம் ஏறாதபடி அடுப்புத் திட்டின்மேல் வைத்துவிட்டு, பூமாரி கதவைப் பூட்டினாள்."

கணக்குப்பிள்ளையிடம் எழுத்துப் பிழை பார்க்கக் கொடுத்தேன். அந்த வரியில் அவர் விரல் நின்றது.

"அடுப்புத் திட்டுன்னு உனக்கு யாருடே சொன்னது? பூட்டை ஒடச்சு உள்ள போனது நானும் கங்காணியும் மட்டுந்தான்."

"யாரும் சொல்லலைங்கய்யா. அடுப்புக்காரன் புத்தி, யோசிச்சு எழுதினேன்."

"யோசிச்சியோ! அப்ப அவ எங்க போனான்னும் யோசி. முடிவு இல்லாத கதைய ரங்கூன்காரன் தொட மாட்டான். எழுதிக் கொண்டா, நானே தபால்ல சேக்கேன்."

(ஓரத்தில் ஒரு குறிப்பு: என் எழுத்தை ஒருவர் அப்படி உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாராட்டு என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.)

4

எழுதினேன். "குமுளி வழியாக இறங்கி, கூடலூரில் சித்தி வீட்டுக் கதவைத் தட்டினாள் பூமாரி. சித்தி அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்."

கதைக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது. திறந்துவிட ஒரு சித்தி வேண்டியிருந்தது. அவ்வளவுதான். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் பிரட்டில் கங்காணி இரண்டு ஆட்களைத் தனியே கூப்பிட்டு, கையில் கம்பைக் கொடுத்தார். "கூடலூரு. சித்தி வீடு. விசாரிச்சாச் சொல்லுவாங்க."

நான் லயத்துக்கு ஓடினேன். என் பெண்சாதி அன்னாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கூடலூர்னு எழுதிட்டேன் அன்னா. ஆள் போகுது."

முறம் நின்றது. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அப்படின்னா நெசமாவே அங்கதான்..."

"எங்கிட்ட ஒண்ணும் கேக்காத. 'மதினி, அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிராதீக, எழுதிப்புடுவாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே போனா அந்தப் புள்ள. சொல்லாமலே எழுதிட்டியேய்யா, பாவி!"

5

கணக்குப்பிள்ளையிடம் போய் நின்றேன்.

"அது பொய்ங்கய்யா. வெறும் கதை."

"கம்பளியும் கதைதானடே?"

"வேற முடிவு எழுதித் தாரேன். ஆளத் திருப்பிக் கூப்பிடுங்க."

"எழுது, எழுது. நமக்கும் பொழுது போகணும்ல."

வந்து உட்கார்ந்தேன்.

(இரண்டாம் முடிவு: போடிமெட்டு வழியாக... வேண்டாம். ஒருவேளை அங்கே இருந்தால்?)

(மூன்றாம் முடிவு: கம்பத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையில்... வேண்டாம்.)

(நான்காம் முடிவு: வழியில் ஆற்றில் விழுந்து அவள்... ஐயோ, இதை எழுதவே கூடாது. மாதாவே.)

வானத்தைப் பற்றி எழுதலாம், கம்பளியைப் பற்றி எழுதலாம். ஊர்ப் பேர் எழுத மட்டும் இனி எனக்குக் கை வராது. எந்த ஊரை எழுதினாலும் அவள் அந்த ஊர்க் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள் போலிருக்கிறது. யோசித்து எழுதுகிறவன் யாரிடமும் கேட்டுக்கொள்வதில்லை. யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம் என்று அவனுக்கே தெரிவதில்லை.

6

இந்தத் தாள்கள் கணக்குப்பிள்ளை கைக்குப் போகாது. பொதிமாட்டுக்காரர் சுவக்கீன் ஏலக்காய் மூட்டைகளோடு கம்பம்மெட்டு வழியாக இறங்குகிறார். கம்பத்தில் தபாலில் சேர்ப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார். ஸ்டோர் வாசலில் மாடுகள் நிற்கின்றன.

"மத்தியாசு, பனி எறங்குதுப்பா! முடிச்சிட்டியா இல்லியா?"

"இன்னும் ஒரே ஒரு வரி அண்ணே."

"அந்த ஒரு வரிய மத்தியானத்துலருந்து சொல்லுத!"

இங்கிருந்து பார்த்தால் குமுளிப் பாதையின் கடைசி ஏற்றம் தெரியும். அன்னாள் வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே பார்க்கிறாள். பனிக்குள் ஆட்கள் ஏறி வருகிறார்கள். கூடலூருக்குப் போனது இரண்டு பேர். வருவது

(இந்த வரியை இப்படியே விடுகிறேன். சுவக்கீன் என் கையிலிருந்து தாளை இழுக்கிறார்.)

முடிவு இல்லாத கதைக்குப் பரிசு கிடையாது என்பது தெரியும். வேண்டாம் ஐயா. நான் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்னாளின் உதடுகள் எண்ணுகின்றன, அதையும் பார்க்கவில்லை. நான் எழுதினால் அது நடந்துவிடுகிறது.

நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கு அவளைத் தெரியாது. நீங்களே எண்ணுங்கள். மனசுக்குள் எண்ணுங்கள்.

இரண்டோடு நிறுத்திவிடுங்கள்.